வளரும் நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது: சென்னைவாசிகள் கேட்கும் கேள்விகள்

அண்ணா நகர் பயிற்சி மையங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு பழக்கமானதுதான். “பாண்டுங் 1955, 29 நாடுகள், பெல்கிரேடு 1961, 25 நாடுகள்” என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த ஆண்டுகளுக்கு அப்பால் என்ன நடக்கிறது, அதில் நம் ஊருக்கு என்ன பங்கு, எது உருப்படியாக நடந்தது, எது பேச்சோடு போனது என்பதற்கான பதில்கள் இங்கே.

தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு என்றால் என்ன?

ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் உள்ள வளரும் நாடுகள் பணம், பயிற்சி, விதை, மருந்து, தொழில்நுட்பம், சந்தை ஆகியவற்றைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது. பணக்கார நாடு கொடுக்க, ஏழை நாடு வாங்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து இது வேறுபட்டது என்று சொல்லிக்கொள்கிறார்கள். பாதி உண்மை. கொடுப்பவருக்கும் இதில் லாபம் உண்டு, அதை மறைக்க வேண்டியதும் இல்லை.

இது எங்கே தொடங்கியது?

1954-ல் கொழும்பில் இந்தியா, இலங்கை, பர்மா, இந்தோனேசியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் கூடினார்கள். அங்கே எழுந்த யோசனைதான் மறு ஆண்டு ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் மாநாடாக நடந்தது. இந்தியாவின் நேரு, இந்தோனேசியாவின் சுகர்ணோ, எகிப்தின் நாசர், சீனாவின் சூ என்லாய் எல்லாரும் ஒரே மண்டபத்தில். 1961-ல் பெல்கிரேடில் கூடியது அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு. 1964-ல் ஜெனீவாவில் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு நடந்தபோது 77 நாடுகள் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. 1978-ல் தொழில்நுட்ப ஒத்துழைப்புக்கென்று புவனோஸ் ஐரிஸில் ஒரு செயல்திட்டம் வந்தது. அது ஏற்கப்பட்ட செப்டம்பர் 12-ஐத்தான் ஐ.நா. இப்போது தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. தேர்வுக்கு இவ்வளவு போதும்.

77 நாடுகள் குழுவில் 134 நாடுகள் இருப்பது எப்படி?

உறுப்பினர் கூடிக்கொண்டே போனார்கள், பெயரை மாற்றவில்லை, அவ்வளவுதான். மெக்சிகோவும் தென்கொரியாவும் பணக்கார நாடுகளின் அமைப்பில் சேர்ந்ததும் வெளியேறின. சீனா தன்னை உறுப்பினர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அதனால்தான் அறிக்கைகளில் “77 நாடுகள் குழுவும் சீனாவும்” என்று தனியாகப் போடுகிறார்கள்.

எது வளரும் நாடு என்று யார் முடிவு செய்வது?

உலக வர்த்தக அமைப்பில் அந்தந்த நாடே அறிவித்துக்கொள்ளலாம். ஆனால் “மிகவும் பின்தங்கிய நாடுகள்” என்ற பட்டியல் அப்படி இல்லை. அதை 1971 முதல் ஐ.நா. வைத்திருக்கிறது. தலா வருமானம், கல்வி–சுகாதாரம், பொருளாதார அதிர்ச்சியைத் தாங்கும் வலு ஆகியவற்றைப் பார்த்துச் சேர்ப்பார்கள், நீக்குவார்கள். பட்டியலில் இருந்தால் வரிச்சலுகை கிடைக்கும் என்பதால், அதிலிருந்து ‘தேறி’ வெளியே வருவது சில நாடுகளுக்குப் பெருமையோடு தலைவலியும்கூட.

சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 1964-ல் இந்திய அரசு தொடங்கிய ‘ஐடெக்’ என்ற பயிற்சித் திட்டத்தின்கீழ் 160-க்கும் மேற்பட்ட நாடுகளின் அதிகாரிகள், பொறியாளர்கள், ஆசிரியர்கள் இந்தியாவுக்கு வந்து சில வாரங்களோ மாதங்களோ படிக்கிறார்கள். அதில் சென்னையின் பங்கு சின்னதில்லை. தரமணியில் உள்ள தேசிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம், பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாலை ஆற்றல் நிறுவனம் ஆகியவை வெளிநாட்டவருக்கென்றே வகுப்புகள் நடத்துகின்றன. முப்பந்தலில் காற்றாலை போட்டுப் பழகிய அனுபவம் நமக்கு இருக்கிறது. எங்கே காற்று எவ்வளவு வீசும் என்று அளந்து இடம் தேர்வு செய்வது எப்படி என்பதைக் கற்க ஆப்பிரிக்காவிலிருந்து பள்ளிக்கரணைக்கு வருவது நியாயமான பயணம்தான். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கதை இன்னும் பெரியது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

தோல் தொழிலில் எத்தியோப்பியாவுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம்?

ஆப்பிரிக்காவிலேயே ஆடுமாடுகள் அதிகமுள்ள நாடுகளில் எத்தியோப்பியா முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் நெடுங்காலம் அது தோலைப் பச்சையாகவும் அரைகுறையாகப் பதனிட்டும் விற்றுவந்தது. ஷூவும் பையும் ஆகும்போது கிடைக்கும் காசு வேறு நாட்டுக்குப் போனது.

இதே நிலையில்தான் நாமும் ஒரு காலத்தில் இருந்தோம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை, கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில், மதராஸிலிருந்து கப்பல் கப்பலாக லண்டனுக்கு அனுப்பினோம். பெரியமேடு தோல் மண்டி வளர்ந்தது அந்த வியாபாரத்தில்தான். 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, அரைப்பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. “உள்ளூரிலேயே முழுதாகப் பதனிடு, பொருளாக்கி விற்பனை செய்” என்பதுதான் கொள்கை. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஷூவுக்கு மாறியது இப்படித்தான். அப்போது வியாபாரிகள் அழாத அழுகையா? ஆனாலும் மாறினார்கள்.

எத்தியோப்பியா 2008-ல் அதே வழியில் போனது. பச்சைத்தோலுக்கும் அரைப்பதனிட்ட தோலுக்கும் 150 சதவீத ஏற்றுமதி வரி. வரி போட்டால் மட்டும் ஷூ தைத்துவிட முடியாதே. தோலின் ரகம் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ரசாயனம் தெரிந்த ஆள் வேண்டும், வடிவமைப்பாளர் வேண்டும். அங்கேதான் அடையாறு வந்தது. அடிஸ் அபாபாவில் உள்ள தோல் தொழில் வளர்ச்சி நிறுவனத்தோடு நம் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய காலணி வடிவமைப்பு நிறுவனமும் இரட்டை நிறுவனங்களாக இணைந்து வேலை செய்தன. அங்கிருந்து ஆட்கள் இங்கே வந்து படித்தார்கள், இங்கிருந்து விஞ்ஞானிகள் அங்கே போனார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. நாம் கற்றுக்கொடுக்க முடிந்தவற்றில் நம் தப்பும் அடக்கம். பாலாறு என்ன ஆனது என்று வேலூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். குரோமியமும் உப்பும் கலந்த கழிவுநீர் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கி, சுத்திகரிக்காத டேனரிகளை மூடச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக இடம்பெற்றது அந்தத் தீர்ப்பால். சின்ன டேனரிகள் ஒன்று சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துவது, உப்பைக் குறைத்துப் பதனிடுவது, குரோமியத்தை மீட்டெடுப்பது எல்லாம் நாம் அடிபட்டுக் கற்ற பாடம். இத்தாலியிலோ ஜெர்மனியிலோ இதைவிட நல்ல இயந்திரம் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளை வைத்துக்கொண்டு, கையில் காசில்லாமல், நீதிமன்றம் துரத்த, இந்த வேலையைச் செய்த அனுபவம் ஆம்பூரில்தான் கிடைக்கும்.

ஐடெக் பயிற்சிக்கு நானும் விண்ணப்பிக்கலாமா?

முடியாது. அது வெளிநாட்டவருக்கு மட்டும். அவர்கள் நாட்டு அரசு பரிந்துரைத்து, அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக வர வேண்டும். விமானக் கட்டணம், படிப்புக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் இந்திய அரசு தரும். வெளிநாட்டு நண்பர் யாராவது இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் சான்சிபாரில் வளாகம் திறந்ததே, அது உதவியா, வியாபாரமா?

இரண்டும். 2023-ல் தான்சானியாவின் சான்சிபார் தீவில் தொடங்கிய அந்த வளாகம்தான் வெளிநாட்டில் அமைந்த முதல் ஐ.ஐ.டி. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் முதல் பாடங்கள். பொறுப்பேற்ற பிரீத்தி அகல்யம், ஐ.ஐ.டி. வரலாற்றிலேயே முதல் பெண் இயக்குநர். மாணவர்கள் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள், இந்தியப் பிள்ளைகளும் அங்கே சேர்கிறார்கள். “கிண்டியில் இடம் கிடைக்காதவருக்குக் கடலோரத்தில் ஒரு ஐ.ஐ.டி.” என்று கிண்டல் செய்கிறவர்களும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கப் பிள்ளைகள் ஊரைவிட்டு வெகுதூரம் போகாமலே படிக்க முடிகிறது என்பதை அந்தக் கிண்டல் மறந்துவிடுகிறது.

அப்துல் கலாமுக்கும் இதில் பங்கு உண்டாமே?

உண்டு. குடியரசுத் தலைவராக இருந்தபோது 2004-ல் தென்னாப்பிரிக்காவில் உள்ள ஆப்பிரிக்கக் கண்ட நாடாளுமன்றத்தில் பேசினார். ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தையும் செயற்கைக்கோளாலும் கண்ணாடி இழையாலும் இணைத்து, இந்திய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் அங்குள்ளவர்களுக்கு ஆலோசனையும் பாடமும் தரலாம் என்றார். 2009-ல் அது செயலுக்கு வந்தது. சென்னை அப்பல்லோவிலிருந்தும் மருத்துவர்கள் திரை வழியே ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு ஆலோசனை சொன்னார்கள். பிறகு கைபேசி இணையம் பரவிய வேகத்தில் அந்தக் கருவிகள் பழசாகிப் போயின. அதே வேலையை இணையம் வழியே செய்யும் புதுத் திட்டம் வந்தது. யோசனை நல்லது, காலம்தான் முந்திக்கொண்டது.

2022 பொருளாதார நெருக்கடியின்போது இலங்கைக்குத் தமிழ்நாடு அனுப்பிய அரிசி இதில் சேருமா?

கண்டிப்பாக. இந்தியாவில் ஒரு மாநிலம் வெளிநாட்டுக்கு நேரடியாக உதவி அனுப்புவது அபூர்வம். வெளியுறவு மத்திய அரசின் கையில் இருப்பதால் அனுமதி வேண்டும். ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது, பிறகு அனுமதி வந்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், 137 வகை மருந்துகள். மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் 9,000 டன் அரிசியோடு கிளம்பியது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. முதலில் இலங்கைத் தமிழர்களுக்கு அனுப்புவதாகத்தான் பேச்சு. அங்குள்ள தமிழ்த் தலைவர்களே, “எங்களுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள், எல்லாருக்கும் கொடுங்கள்” என்றார்கள். அது பெருந்தன்மை மட்டும் இல்லை, விவரமும்கூட. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் எல்லாரும் வரிசையில் நிற்கும் ஊரில் ஒரு சாராருக்கு மட்டும் மூட்டை இறங்கினால் பிறகு அவர்கள்தான் அக்கம்பக்கத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அரிசி கண்ணுக்குத் தெரிந்த உதவி. அதைவிடப் பெரிய தொகை கணக்குப் புத்தகத்தில் நடந்தது. ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்றம் கொடுத்தது. எரிபொருளுக்கும் அத்தியாவசியப் பொருளுக்கும் கடன் வரம்புகள் திறந்தன. ஆசியத் தீர்வகம் என்று ஒன்று 1974 முதல் இருக்கிறது. அண்டை நாடுகள் தங்களுக்குள் வாங்கல்–விற்றல் கணக்கை அவ்வப்போது நேர்செய்துகொள்ளும் ஏற்பாடு. அதில் இலங்கை கட்ட வேண்டிய தவணைகளை இந்தியா தள்ளிவைத்தது. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 கோடி டாலர்.

மருந்து விஷயத்தில் இந்தியாவை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

எய்ட்ஸ் மருந்துதான் காரணம். 2000-ம் ஆண்டு வாக்கில் கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-ல் மும்பையின் சிப்லா நிறுவனம் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதையே 350 டாலருக்குத் தருகிறோம் என்றது. 1970-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்ததால்தான் இது முடிந்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம். 2005-ல் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிட்டது.

நம் ஊருக்கு இது தூரத்து விஷயம் அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் சென்னையில், மருத்துவர் சுனீதி சாலமன் குழுவால். மருந்து விலை இறங்காதிருந்தால் இங்கேயும் எத்தனை குடும்பம் போயிருக்கும்.

நம்மிடமே இல்லாதபோது மற்றவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

டீக்கடையில் அதிகம் கேட்கும் கேள்வி. பதில் இரண்டு. இந்தியா வெளிநாட்டுக்குத் தருவதில் பெரும்பகுதி இலவசம் இல்லை, கடன். எக்ஸிம் (ஏற்றுமதி–இறக்குமதி) வங்கி வழியாகத் தரும் கடனில் பொதுவாக 75 சதவீதத்துக்குக் குறையாமல் இந்தியாவிலிருந்தே பொருளும் சேவையும் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது அந்தப் பணம் நம் பம்புசெட், பேருந்து, மின்மாற்றி நிறுவனங்களுக்கே திரும்புகிறது. இரண்டாவது, நாமும் வாங்கியிருக்கிறோம். அதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

ஆனால் நம்மைப் பற்றிக் கசப்பான பக்கமும் உண்டு. 2021 ஜனவரியில் ஊருக்கெல்லாம் கொரோனா தடுப்பூசி அனுப்பிப் பெருமைப்பட்டோம். இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது, அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் மாதக்கணக்கில் காத்திருந்தன. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டோம். உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 சதவீதம் நம்முடையது என்னும்போது மேற்கு ஆப்பிரிக்கச் சந்தையில் அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசியுங்கள். சொந்த மக்களுக்கு முதலில் என்று எந்த அரசும் சொல்லும், சரி. அப்படியானால் மேடையில் “உலகமே குடும்பம்” என்று கொஞ்சம் குறைத்துப் பேசலாம்.

நாம் எதை வாங்கினோம்?

ஐ.ஆர்.8 நெல். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966-ல் வெளியிட்ட ரகம். இந்தோனேசியாவின் ‘பேட்டா’ என்ற உயரமான நெல்லையும் தைவானின் ஒரு குட்டை நெல்லையும் கலந்து உருவாக்கினார்கள். உரம் போட்டால் சாயாமல் நிற்கும், மகசூல் கொட்டும். சோறு மட்டும் அவ்வளவு ருசிக்காது, அந்தக் காலத்தில் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள். பின்னால் வந்த ஐ.ஆர்.20 நம் வயல்களில் பல ஆண்டு நின்றது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதே நிறுவனத்துக்குத் தலைமை இயக்குநராக இருந்தார். நிறுவனத்தைத் தொடங்கப் பணம் தந்தவை ஃபோர்டு, ராக்ஃபெல்லர் என்ற அமெரிக்க அறக்கட்டளைகள். பணம் வடக்கிலிருந்து, விதையும் வயலும் தெற்கில். இதையே முத்தரப்பு ஒத்துழைப்பு என்பார்கள்.

மெட்ரோ ரயிலுக்கும் பிரிக்ஸ் வங்கிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்குக் கடன் தருபவர்களில் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, பெய்ஜிங்கில் உள்ள ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவற்றோடு ஷாங்காயில் உள்ள பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கியும் இருக்கிறது. 2014-ல் ஒப்பந்தமான அந்த வங்கியில் தொடங்கிய ஐந்து நாடுகளுக்கும் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா) சம பங்கு, யாருக்கும் ரத்து அதிகாரம் கிடையாது. உலக வங்கியில் இது நடக்காது. முதல் தலைவராக இருந்தவர் இந்திய வங்கியாளர் கே.வி.காமத். எல்லையில் சீனாவோடு முறைப்பு, மெட்ரோ கட்டுவதற்கு ஷாங்காய் பணம். நாடுகளுக்குள் உறவு இப்படித்தான் போகிறது.

சீனா கடன் கொடுத்து நாடுகளைப் பிடிக்கிறதா?

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். 2017-ல் அந்தத் துறைமுகம் 112 கோடி டாலருக்கு, 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது உண்மை. ஆனால் இலங்கையின் வெளிக்கடனில் பெரிய பங்கு சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களுடையது. குற்றம் சொல்வதானால் கடன் வாங்கிக் கட்டிய அரசியலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பழைய உதாரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தான்சானியாவையும் ஜாம்பியாவையும் இணைக்கும் 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை. மேற்கத்திய நாடுகள் லாபமில்லை என்று ஒதுங்கியபோது, சீனா வட்டியில்லாக் கடனில் 1970–75-ல் போட்டுக்கொடுத்தது. வெள்ளையர் ஆட்சியில் இருந்த ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகப் போகாமல் ஜாம்பியாவின் செம்பு கடலுக்குப் போக வழி கிடைத்தது. அரசியலாகப் பெரிய வெற்றி. பிறகு இஞ்சின் பழுது, உதிரி பாகம் இல்லை, ஓடும் சரக்கு திட்டமிட்டதில் சிறு பங்காகச் சுருங்கியது. கட்டிக்கொடுப்பவர் போன பிறகு யார் எண்ணெய் போடுவது என்று முதல் நாளே எழுதிவைக்காத திட்டம் இந்தியா செய்தாலும் சீனா செய்தாலும் இப்படித்தான் ஆகும்.

தங்களுக்குள் வியாபாரம் ஏன் பெருகவில்லை?

ஒரே பொருளைச் செய்து ஒரே அமெரிக்க, ஐரோப்பியச் சந்தையில் விற்பவர்கள் போட்டியாளர்கள். திருப்பூரையும் வங்கதேசத்தையும் பாருங்கள். பின்தங்கிய நாட்டுக்குச் சலுகை என்று 2011-ல் வங்கதேச ஆடைகளுக்கு இந்தியா வரியை எடுத்தது. கொள்கையளவில் அழகான தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு. திருப்பூர்க்காரரிடம் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் கதை தெரிந்ததே: 2014 காத்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடு இல்லை.

சென்னையில் படிக்கும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

வீடு வாடகைக்குக் கொடுக்கலாம். உதவித்தொகையோடு வரும் மாணவர்களும் சொந்தச் செலவில் படிப்பவர்களும் இந்த ஊரில் முதலில் முட்டிக்கொள்வது அங்கேதான். “அசைவம் சமைப்பீர்களா” என்ற கேள்வி நம்மவருக்கே உண்டு. அவர்களுக்கு அதோடு நிறமும் சேர்ந்துகொள்கிறது, புரோக்கர் கமிஷனும் எகிறுகிறது. “போலீஸ் தொல்லை வரும்” என்று சொந்தக்காரர்கள் பயப்படுவதற்கு ஒரு காரணம், முன்பு ‘படிவம் சி’ என்று அழைக்கப்பட்ட தகவல் படிவம். வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுச் சொந்தக்காரர் அதை இணையத்தில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலும் படமும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.